எட்டாமற்போன கம்பிகள்



உங்கள் பெயரை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? அல்லது தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரை முழுமையாக எழுதுவீர்களா? "அறிவியல் கட்டுரையில் இதென்ன கேள்வி?" என்று நினைக்க வேண்டாம். காரணத்தோடுதான் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இயற்பியல் படித்த ஒரு மாணவிக்குக் கல்வி உதவித்தொகை வந்து சேரவில்லை. அவள் பெயரை மலர்விழி என்றும், தந்தையின் பெயரைக் கந்தசாமி என்றும் வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் "மலர்விழி க." என்று இருந்தது. வங்கிப் புத்தகத்தில் "க. மலர்விழி". ஆதார் அட்டையிலோ "மலர்விழி கந்தசாமி". படிக்கிற நமக்கு மூன்றும் ஒருவரே. உதவித்தொகையைக் கவனித்த கணினிக்கு அப்படித் தோன்றவில்லை. அது எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது, மூவரும் வெவ்வேறு ஆட்கள் என்று முடிவு செய்தது, பணத்தை நிறுத்திவைத்தது. நான்கு மாதங்கள் அவள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். இடையில் வந்த தேர்வுக் கட்டணத்தை அவள் தந்தை கடன் வாங்கிக் கட்டினார்.

ஒரு நாள் நானும் அவளுடன் சென்றேன். பள்ளியில் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தது. வங்கியில் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். அவள் கைப்பட எழுதியபடியே இருந்தது. "எங்களிடம் தவறு இல்லை, சார்" என்பதே போன இடமெல்லாம் கிடைத்த பதில். அவர்கள் சொன்னது உண்மைதான். தவறு எந்த அலுவலகத்துக்குள்ளும் இல்லை. ஓர் அலுவலகத்துக்கும் அடுத்த அலுவலகத்துக்கும் நடுவில் இருந்தது. நடுவில் இருப்பதற்குப் பொறுப்பாளர் எவரும் இல்லை. ஆகவே திருத்தவும் ஆள் இல்லை.

இந்த "நடு" இருக்கிறதே, அதுதான் நம் கட்டுரையின் பொருள். அது ஒரு மாணவியின் உதவித்தொகையை மட்டும் விழுங்கவில்லை. உலகிலேயே பெரிய பயணிகள் விமானத்தை இரண்டு ஆண்டுகள் தாமதப்படுத்தியிருக்கிறது. செவ்வாய்க்குச் சென்ற ஒரு விண்கலத்தை அழித்திருக்கிறது.

நிறுவனத்துக்கு ஒரு வரைபடம்

வீடு கட்டும்முன் வரைபடம் போடுகிறோம். சுவர் எங்கே, கதவு எங்கே, தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, மின்கம்பி எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வரைபடம் இல்லாத வீட்டில் ஆணி அடித்தால் குழாய் உடையும் அல்லவா?

ஒரு பெரிய நிறுவனமும் ஒருவகையில் வீடு போன்றதே. எந்த வேலை எங்கே நடக்கிறது, எந்தத் தகவல் எந்தக் கணினியில் இருக்கிறது, யார் எதை யாருக்குத் தருகிறார்கள், எந்த வடிவத்தில் தருகிறார்கள் என்பதற்கெல்லாம் ஒரு வரைபடம் தேவைப்படுகிறது. இதை நிறுவனக் கட்டமைப்பு என்பார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஜாக்மன் என்பவர் 1987-இல் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்குத் தொடக்கம் என்று பலரும் கொள்கிறார்கள். அவர் தம் கருத்தை விளக்க இரண்டு உவமைகளைத் துணைக்கு அழைத்தார். ஒன்று வீடு கட்டுதல். மற்றொன்று விமானம் கட்டுதல். விமானத்தைப் பற்றித்தான் நாமும் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மொழி. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் எல்லாருடனும் பேச வேண்டுமானால் எத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும்? இரண்டிரண்டு பேருக்கு ஒருவர் என்று கொள்ளுங்கள். முதல்வர் மற்ற ஒன்பது பேருடன் பேச 9, இரண்டாமவருக்கு இன்னும் 8, மூன்றாமவருக்கு 7, இப்படியே கூட்டினால் 45. பொதுவாகச் சொன்னால், ஆட்களின் எண்ணிக்கை ந என்றால் தேவையான மொழிபெயர்ப்பாளர்கள் ந × (ந − 1) ÷ 2. பத்துப் பேர் ஐம்பது பேரானால்? ஆட்கள் ஐந்து மடங்கு, மொழிபெயர்ப்பாளர்களோ 1,225. அதாவது 27 மடங்குக்கு மேல்!

ஆட்களுக்குப் பதிலாகக் கணினிகளை வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய வங்கியிலோ தொழிற்சாலையிலோ நூற்றுக்கணக்கான கணினி அமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அமைப்புகள் வளர்வதைவிட அவற்றின் இணைப்புகள் வெகு வேகமாக வளர்ந்துவிடுகின்றன. அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இருப்பாரா?

சரி, விமானத்துக்கு வருவோம்.

நான்கு நாடுகள், ஒரு விமானம்

ஏர்பஸ் 1970-இல் தொடங்கியது. அது அப்போது ஒரே நிறுவனம் அன்று. ஐரோப்பிய நாடுகளின் விமானத் தொழிற்சாலைகள் சேர்ந்து அமைத்த கூட்டணி. பிரான்சும் ஜெர்மனியும் தொடங்கின; பின்னர் ஸ்பெயினும் பிரிட்டனும் சேர்ந்தன. 2001-இல்தான் அது சட்டப்படி ஒரே நிறுவனமாயிற்று. சட்டம் ஒன்றாக்கிவிட்டதால் பழக்கங்கள் ஒன்றாகிவிடுமா?

இந்தக் கட்டத்தில் ஏர்பஸ் கட்டத் தொடங்கியது ஏ-380 என்னும் விமானம். மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம். சாதாரண அமைப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகள் செல்லலாம். இறக்கைகள் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் செய்யப்பட்டன. வால் பகுதியின் உறுப்புகள் ஸ்பெயினில். உடற்பகுதியின் பெரிய துண்டுகள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். எல்லாம் கப்பலில் ஏறி, ஆற்றில் தட்டைப் படகில் மிதந்து, சாலையில் ஊர்ந்து, பிரான்சின் தூலூஸ் நகரை அடையும். அங்கே ஒன்றாகப் பொருத்துவார்கள். ஹாம்பர்க்கிலிருந்து வரும் துண்டுகளுக்குள் மின்கம்பிகள் முன்பே பொருத்தப்பட்டு வரவேண்டும். தூலூஸில் இருப்பவர்கள் ஒரு துண்டின் கம்பிகளை அடுத்த துண்டின் கம்பிகளோடு இணைத்தால் போதும். திட்டம் அதுதான்.

இந்த ஒரு விமானத்தில் இருக்கும் கம்பிகளை நீட்டி வைத்தால் 500 கிலோமீட்டருக்கு மேல் போகும்! சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிவிடலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் கம்பிகள், 40,000 இணைப்பான்கள்.

2004-ஆம் ஆண்டு வாக்கில் முதல் துண்டுகள் தூலூஸுக்கு வந்து சேர்ந்தன. தொழிலாளர்கள் கம்பிகளை எடுத்துச் சட்டங்களின் வழியே செலுத்தினார்கள். கம்பிகள் எட்டவில்லை! சில சென்டிமீட்டர் குறைவு. ஒன்றிரண்டு கம்பிகளில் இல்லை. பல இடங்களில் இதே கதை.

கம்பியை இழுத்து நீட்ட முடியாது. ஒட்டுப்போட்டுச் சமாளிக்க இது வீட்டு விளக்கு அன்று. நூற்றுக்கணக்கானவர்களின் உயிரைச் சுமக்கும் விமானம். பொருத்தியவற்றைப் பிரித்து, புதிதாக அளந்து, கையாலேயே மீண்டும் செலுத்த வேண்டியதாயிற்று. ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தூலூஸுக்கு வந்து தங்கி மாதக்கணக்கில் இதே வேலையைச் செய்தார்கள்.

ஏன் எட்டவில்லை? ஜெர்மானியர்களுக்கு அளக்கத் தெரியாதா? அப்படிச் சொன்னால் உலகம் சிரிக்கும்.

காரணம் வேறு. விமானம் முழுவதையும் முதலில் கணினித் திரையில்தான் கட்டுகிறார்கள். அதற்குக் கேட்டியா என்னும் மென்பொருள் பயன்பட்டது. ஹாம்பர்க்கிலும் ஸ்பெயினிலும் இருந்தது அதன் நான்காம் பதிப்பு. தூலூஸிலும் பிரிட்டனிலும் இருந்தது ஐந்தாம் பதிப்பு. பெயர் ஒன்றாக இருந்ததால் ஐந்து என்பது நான்கின் சற்றுத் திருத்திய வடிவம் என்று தோன்றும். உண்மையில் ஐந்தாம் பதிப்பு அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. ஒன்றில் வரைந்த படத்தை மற்றொன்றில் திறந்தால் எல்லா விவரங்களும் ஒழுங்காக வந்து சேருவதில்லை. ஓரிடத்தில் ஒரு தாங்கியை இடம் மாற்றினால், அங்கே கம்பி எப்படிச் சுற்றிப் போகவேண்டும் என்ற செய்தி மற்ற இடத்தில் முழுமையாகத் தெரியவில்லை.

இதோடு நம் இயற்பியலும் சேர்ந்துகொண்டது. எடையைக் குறைப்பதற்காக ஏ-380-இல் பல இடங்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பியைப் பயன்படுத்தினார்கள். இதில் எவ்வளவு லாபம் என்பதை நீங்களே கணக்கிடலாம். செம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். ஆனால் அலுமினியத்தின் மின்தடை எண் செம்பைப் போல் சுமார் 1.6 மடங்கு. ஆகவே அதே நீளம், அதே மின்தடை வேண்டுமானால் அலுமினியக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை 1.6 மடங்காக்க வேண்டும். அப்படியும் அதன் நிறை 1.6 × 2.7 ÷ 9, அதாவது செம்பில் ஏறத்தாழ பாதிதான்! விமானத்துக்கு இது பெரிய லாபம். ஆனால் கம்பி தடிக்கிறது. தடித்த கம்பியை, அதுவும் அலுமினியத்தை, செம்பைப் போல நெருக்கி வளைக்க முடியாது. ஒரு மூலையில் வளைய இடமில்லாவிட்டால் அது வேறு வழியாகச் சுற்றிப் போகவேண்டும். இந்த நுட்பம் எல்லாருடைய திரையிலும் ஒன்றுபோல் இருந்தால்தான் நீளம் சரியாக வரும். இருக்கவில்லை.

விமான நிறுவனங்கள் தங்கள் பயணிகளுக்காகக் கேட்ட திரைப்பட வசதி, இருக்கை அமைப்பு முதலிய மாற்றங்களும் கடைசி நேரத்தில் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு மாற்றமும் கம்பிகளைத் தொட்டது. ஒவ்வொன்றும் அந்த இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

2005-இல் முதல் தாமதம் அறிவிக்கப்பட்டது. 2006 ஜூனில் இரண்டாவது. மறுநாளே தாய் நிறுவனத்தின் பங்குவிலை 26 விழுக்காடு சரிந்தது. சில வாரங்களில் தலைமைப் பொறுப்பிலிருந்த இருவர் பதவி விலகினர். அதே ஆண்டு அக்டோபரில் மூன்றாவது தாமதம். 2010 வரையிலான லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று நிறுவனமே கணக்கிட்டது. முதல் விமானம் 2007 அக்டோபர் 15 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. விமானம் அருமையாகப் பறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய விமானங்களுக்குத் தேவை குறைந்ததால் 2021-இல் ஏ-380 உற்பத்தி நின்றது. அது வேறு கதை.

எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டிருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஹாம்பர்க்கில் இருந்த ஒரு பொறியாளராக உங்களை நினைத்துப் பாருங்கள். உங்களிடம் ஆண்டுக்கணக்கில் வரைந்த படங்கள் பழைய பதிப்பில் குவிந்திருக்கின்றன. உங்கள் கை அதில் பழகியிருக்கிறது. புதியதைக் கற்க மாதங்கள் ஆகும். வேலையோ தலைக்கு மேல் இருக்கிறது. உங்கள் பகுதி வேலை உங்களிடம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. நீங்கள் ஏன் மாறவேண்டும்? "தூலூஸ்காரர்கள் மாறட்டுமே" என்றுதானே சொல்வீர்கள்? தூலூஸ்காரரும் அதையே சொல்வார்.

மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1968-இலேயே ஒரு கருத்தை எழுதியிருந்தார். ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும், அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் சாயல் அந்தப் பொருளிலும் படிந்துவிடும் என்பது அவர் கருத்து. ஏ-380-இல் கம்பிகள் எட்டாமற்போன இடங்களைப் பாருங்கள்: ஒரு நாட்டில் செய்த துண்டு மற்றொரு நாட்டில் செய்த துண்டைத் தொடும் இடங்கள். நிறுவனத்துக்குள் எங்கே பிளவு இருந்ததோ அங்கேயே விமானத்திலும் பிளவு விழுந்தது.

செவ்வாயில் ஒரு 4.45

வரைபடமே இல்லாததுதான் குறை என்றால் பரிகாரம் எளிது, வரைந்துவிடலாம். இணைப்பு எப்படி இருக்கவேண்டும் என்று எழுத்தில் தெளிவாக இருந்தும் தவறிய கதை ஒன்று உண்டு. நான் வகுப்பில் அலகுகள் பாடம் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாசா 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலத்தைச் செலுத்தியது. செவ்வாயைச் சுற்றி அதன் வானிலையை ஆராய்வது அதன் பணி. கலத்தைக் கட்டியவர்கள் டென்வர் நகரில் உள்ள லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தார். வழி காட்டியவர்கள் கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார். மீண்டும் இரண்டு நிறுவனங்கள். நடுவில் ஓர் இணைப்பு.

கலத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் சூரிய மின்தகடு நீட்டிக்கொண்டிருந்தது. ஒளிக்கும் அழுத்தம் உண்டு. ஒரு பக்கமே தகடு இருந்தால் சூரிய ஒளி அக்கலத்தை மெல்லத் திருப்பப் பார்க்கும். அது திரும்பாமல் இருக்க உள்ளே சுழலும் சக்கரங்கள் அந்தக் கோண உந்தத்தை வாங்கிக்கொள்ளும். சக்கரங்களின் வேகம் ஏறிக்கொண்டே போக விடமுடியாது அல்லவா? அவ்வப்போது சிறிய உந்துபொறிகளை நொடிக்கணக்கில் இயக்கி அதைத் தணிப்பார்கள். ஒவ்வொரு முறையும் கலத்துக்கு ஒரு சின்னத் தள்ளு கிடைக்கும். எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமாக இந்தத் தள்ளுகள் தேவைப்பட்டன.

இத்தள்ளு எவ்வளவு என்பதை டென்வரில் ஒரு கணினி கணக்கிட்டு எழுதும். அந்த எண்ணை வைத்துக் கலிபோர்னியாவில் பாதையைக் கணக்கிடுவார்கள். தள்ளின் அளவு கணத்தாக்கு, அதாவது விசை × காலம், என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதை நியூட்டன்-நொடியில் தரவேண்டும் என்று ஆவணம் தெளிவாகவே சொல்லியிருந்தது. டென்வரின் மென்பொருளோ பவுண்டு-நொடியில் எழுதியது. ஒரு பவுண்டு விசை என்பது 4.45 நியூட்டன். ஆகவே ஒவ்வொரு தள்ளும் உள்ளதைவிட 4.45 மடங்கு சிறியதாகப் பதிவாயிற்று. கோப்பில் இருந்தது வெறும் எண்தான். எண்ணைப் பார்த்து அது பவுண்டா நியூட்டனா என்று யாரால் சொல்லமுடியும்? "இவ்வளவு சொல்கிறேன், அலகு எழுதாமல் விடை எழுதாதீர்கள்" என்று நாங்கள் மதிப்பெண்ணைக் குறைப்பது பொல்லாத்தனத்தால் அன்று!

இத்தனை சின்னத் தள்ளு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். இதில் தள்ளின் அளவும் நாள்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. கலத்தின் நிறை 600 கிலோகிராம். தள்ளு ஒரு பவுண்டு-நொடி, அதாவது 4.45 நியூட்டன்-நொடி. நாம் அதை 1 நியூட்டன்-நொடி என்று தவறாக வாசிக்கிறோம். விடுபட்டது 3.45. வேகத்தில் பிழை 3.45 ÷ 600. ஏறத்தாழ நொடிக்கு 6 மில்லிமீட்டர். எறும்பின் நடையைப் போன்ற வேகம்தான். ஆனால் 100 நாள்களில் 86 லட்சத்து 40 ஆயிரம் நொடிகள் இருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 50 கிலோமீட்டர்! ஒரே ஒரு தள்ளுக்கு இவ்வளவு.

தவறு ஏன் முன்பே தெரியவில்லை? கலத்தின் வேகத்தை டாப்ளர் விளைவால் அளக்கிறார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி உயர்வதும், விலகிப் போகும்போது தாழ்வதும் உங்களுக்குத் தெரியும். அதுபோலக் கலத்தின் வானொலி அலைகளின் அதிர்வெண் மாறுவதைக் கொண்டு அது நம்மை நோக்கி வரும் வேகத்தையோ விலகும் வேகத்தையோ மிக நுட்பமாக அறியலாம். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால்? அதை இம்முறை நேரடியாகக் காட்டாது. அந்தத் தள்ளுகள் பெரும்பாலும் பூமியிலிருந்து பார்க்கும் கோட்டுக்குக் குறுக்காகவே அமைந்துவிட்டன.

முழுவதும் தெரியாமலும் இல்லை. முதல் மாதங்களில் கோப்பின் அமைப்பிலேயே பிழைகள் இருந்ததால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. விவரங்களை மின்னஞ்சலில் வாங்கிச் சமாளித்தார்கள். 1999 ஏப்ரல் முதல் கோப்புகள் பயன்பாட்டுக்கு வந்ததும், எண்கள் ஒத்துப்போகவில்லை என்று வழிகாட்டும் குழுவினரில் சிலருக்குச் சந்தேகம் எழுந்தது. அவர்கள் அதைப் பேசினார்கள், கேட்டார்கள். ஆனால் சிக்கலைத் தெரிவிப்பதற்கென்று இருந்த முறையான படிவத்தை நிரப்பவில்லை. பேச்சு பேச்சாகவே நின்றது. மறுபக்கத்தில் எவருடைய மேசையிலும் அது "பதில் சொல்லவேண்டிய தாளாக" வந்து விழவில்லை. பின்னால் விசாரித்த குழு இதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. என்னைக் கேட்டால், 4.45-ஐ விட இதுவே பெரிய பிழை. அலகைத் தவறாக எழுதுவது எவருக்கும் நேரக்கூடியது.

செவ்வாயின் பரப்பிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் கலம் கடந்திருக்க வேண்டும். கடைசி நாளில் அந்த மதிப்பீடு 110 கிலோமீட்டருக்கு இறங்கியது. 80 கிலோமீட்டர் வரை தாழ்ந்தாலும் தப்பிக்கலாம். 1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது; கணக்கிட்டதைவிட 49 நொடிகள் முன்னதாகவே மறைந்தது. மறுபக்கம் அது வெளிப்படவே இல்லை. அது தாழ்ந்திருந்த உயரம் வெறும் 57 கிலோமீட்டர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஒன்பதரை மாதப் பயணம். 12 கோடி டாலருக்கு மேல் செலவான கலம்.

எல்லாருக்கும் ஒரே மொழி

மேசையைச் சுற்றி அமர்ந்த பத்துப் பேரிடம் திரும்புவோம். 45 மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பதில், பொதுமொழி ஒன்றை எல்லாரும் ஒப்புக்கொண்டால்? ஆளுக்கு ஒருவர் வீதம் 10 பேர் போதும். ஐம்பது பேருக்கு 1,225-க்குப் பதில் 50. அலைபேசியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை இப்படிப்பட்டதே. 2016-இல் தொடங்கிய இம்முறையில் ஒரு வங்கி மற்ற வங்கிகளின் கணினிகளைப் பற்றி எதுவும் அறியவேண்டியதில்லை. நடுவில் உள்ள மையத்தோடு பேசத் தெரிந்தால் போதும். தேநீர்க் கடையில் பத்து ரூபாய் எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கும் போவது இதனால்தான்.

இதற்கும் விலை உண்டு. எல்லா வழியும் ஒரே சந்தியில் கூடினால், சந்தியில் நெரிசல் வந்தால் ஊரே நிற்கும். 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. சில மணி நேரம் நாடெங்கும் தடுமாறியது. முந்தைய பணமாற்றங்கள் என்னவாயின என்று சில வங்கிகளின் கணினிகள் மையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டது நெரிசலுக்குக் காரணமாயிற்று. கேட்பது விதிப்படி சரிதான். எத்தனை முறை கேட்கலாம் என்பதில்தான் கோளாறு.

பொதுமொழியில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. சொல் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாகலாம். 03-04-2020 என்றால் நமக்கு ஏப்ரல் 3; அமெரிக்கருக்கு மார்ச் 4. கணினி எந்தத் தயக்கமும் இன்றி இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். 12-ஆம் தேதிக்குப் பின்தான் பிழை வெளியே தலைகாட்டும். ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பொதுமொழியில் ஒரு சொல்லை மாற்றவேண்டுமானாலோ, ஐம்பது பேரும் ஒரே நாளில் மாறவேண்டும். அந்த நாளைக் குறிப்பவர் யார்? அதற்குத்தான் இன்று பெரிய நிறுவனங்கள் கட்டமைப்பாளர் என்று தனியே ஒரு பதவியை வைத்திருக்கின்றன. அவர் எந்தப் பொருளையும் செய்வதில்லை, எதையும் விற்பதில்லை. எந்த இணைப்பில் எது போகிறது, எந்த அலகில் போகிறது, ஓரிடத்தில் மாற்றினால் எங்கெல்லாம் அது தொடும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே அவர் வேலை. எல்லாம் சரியாக நடக்கும்போது "இவர் எதற்கு?" என்று கணக்குப் பிரிவில் கேட்பார்களாம்!

செய்து பாருங்கள்

ஒரு தாளில் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ் ஆகிய ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே, ஒரு புள்ளியும் இடைவெளியும் விடாமல், எழுதுங்கள். தமிழில் இருப்பதைத் தனியாகவும் ஆங்கிலத்தில் இருப்பதைத் தனியாகவும் எழுதவேண்டும். ஆங்கில எழுத்தில் பெயர் பல வடிவம் எடுக்கும்; குறிப்பாக 'ழ' உள்ள பெயர்களைக் கவனியுங்கள். இந்த ஆறு ஆவணங்களை இரண்டிரண்டாக எத்தனை வகையில் ஒப்பிடலாம் என்று மேலே சொன்ன வாய்பாட்டைக் கொண்டு கணக்கிடுங்கள். அவற்றில் எத்தனை ஒத்துப்போகின்றன என்றும் எண்ணுங்கள். எங்கள் வகுப்பில் செய்தபோது எல்லாமே ஒத்துப்போனவர்கள் மிகச் சிலரே.

வேறுபாடு இருந்தால் அந்தத் தாளை உங்கள் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். பொதுத்தேர்வுக்கு அனுப்பும் நாமினல் ரோலில் உள்ளபடிதான் மதிப்பெண் சான்றிதழில் பெயர் அச்சாகும். அது போவதற்கு முன் திருத்துவது எளிது.

மலர்விழிக்கு உதவித்தொகை மறு ஆண்டு மார்ச்சில் வந்தது. வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயரை மாற்றி, பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே "மலர்விழி க." என்று எழுதிக்கொண்டாள். க-வுக்குப் பின் புள்ளி உண்டா இல்லையா என்று மூன்று இடத்திலும் கேட்டுவிட்டுத்தான்.